பணியிடத்தை ஒழித்து அரசாணை: வழக்கில் எதைக் கேட்பது?

கேள்வி: ஐயா, மாநில அரசுத் துறை ஒன்றின் திருச்சி மண்டல அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். 2008-ல் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதிச் சேர்ந்து, தகுதிகாண் பருவமும் முடித்துவிட்டேன். சென்ற மாதம் வந்த அரசாணையில், பணிப்பளு குறைந்துவிட்டதாகக் கூறி எங்கள் மண்டல அலுவலகத்தின் 11 தட்டச்சர் பணியிடங்களை ஒழித்துவிட்டார்கள். என் இடமும் அதில் ஒன்று. ஐந்து வாரத்தில் விடுவிப்பார்களாம். ஆனால் வெளிமுகமை மூலம் கணினி இயக்குநர்களை எடுக்க ஒப்பந்தப்புள்ளி கோரியிருக்கிறார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் அரசு ஊழியரை அனுப்ப முடியுமா? அரசமைப்பின் 311-ஆவது பிரிவு எங்களுக்கு இல்லையா? சங்கத்தில் கூட்டாக வழக்குப் போடலாம் என்கிறார்கள். வேறு துறையில் கீழ்நிலைப் பதவி தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லி விருப்பக் கடிதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? எங்களோடு மூன்று பேர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், அவர்கள் கதி என்ன? 2013-ல் சேர்ந்த ஒருவர் பக்கத்துக் கோட்ட அலுவலகத்தில் இருப்பதால் தப்பித்துக்கொண்டார் என்பதையும் வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: வருத்தத்தோடு நீங்கள் கடைசியில் சேர்த்த அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. மற்றவற்றைப் பிறகு பார்ப்போம். முதலில் அதற்கு வருகிறேன்.

அரசாணை ஒழித்தது பணியிடங்களை. அந்த இடங்கள் போனால் யார் வெளியேற வேண்டும் என்பது அதிலிருந்து தனியான கேள்வி. ஒழிக்கப்பட்ட நாற்காலியில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தாரோ அவர்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தட்டச்சர்களுக்குப் பணிமூப்பு எந்த அலகில் (ஓர் அலுவலகமா, மாவட்டமா, துறை முழுவதுமா) கணக்கிடப்படுகிறதோ, அந்த அலகு முழுவதிலும் யார் இளையவரோ அவரிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஆட்களை விடுவிக்க நேர்ந்தால் இளையவர் முதலில், மீண்டும் எடுக்கும்போது மூத்தவர் முதலில் என்ற ஒழுங்கு தமிழ்நாட்டுப் பணி விதிகளில் நெடுங்காலமாக இருப்பது. பழைய பொது விதிகளுக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தையும் உங்கள் துறையின் தனி விதிகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: உங்களுக்கும் அந்த 2013-காரருக்கும் பணிமூப்புப் பட்டியல் ஒன்றா, வேறா? ஒன்று என்றால் அவரை வைத்துக்கொண்டு உங்களை விடுவிப்பதற்கு அரசு காரணம் சொல்லியாக வேண்டும். 'அவர் வேறு அலுவலகத்தில் இருக்கிறார்' என்பது காரணம் ஆகாது. பட்டியல் வேறு வேறு என்றால் இந்த வாதம் பெரும்பாலும் விழுந்துவிடும். கீழே சொல்லப்போகும் பணிநிரவல் கோரிக்கையை, அதாவது வேறு காலியிடத்தில் ஈர்த்துக்கொள்ளக் கேட்பதை, முன்னே நிறுத்த வேண்டியிருக்கும்.

அந்த இளையவரையும் வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். நண்பராயிற்றே என்று விட்டுவிட்டால், பாதிக்கப்படக்கூடியவரைச் சேர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் நல்ல மனுவும் தள்ளுபடியாகலாம்.

இனி 311. அந்தப் பிரிவு தண்டனையாக நீக்குவதற்கும் தரம் இறக்குவதற்கும் எதிரான காப்பு. பணியிட ஒழிப்பு தண்டனை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. கேரளத்தில் விஜிலென்ஸ் கமிஷன் பதவிகளை ஒழித்தபோது எழுந்த ராமநாத பிள்ளை வழக்கு அது. பதவியை உருவாக்கும் அதிகாரத்தோடு ஒழிக்கும் அதிகாரமும் சேர்ந்தே இருக்கிறது; நேர்மையாகச் செய்தால் அதற்கு முன் விசாரணை தேவையில்லை என்பது அதன் சாரம். ஹரியானாவிலிருந்து வந்த தேஸ்ராஜ் சங்கர் வழக்கில் பின்னர் இதையே மறுபடி உறுதிசெய்தார்கள். எனவே '311 மீறப்பட்டது' என்பதை மனுவின் முதல் காரணமாக வைக்காதீர்கள். முதல் விசாரணையிலேயே அரசு பிளீடர் இந்தத் தீர்ப்புகளைப் படிப்பார். உங்கள் வழக்கு பழைய பல்லவி என்ற எண்ணம் நீதிபதிக்கு வந்துவிடும்.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் மணியக்காரர், கர்ணம் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒரே நாளில் ஒழிக்கப்பட்டன. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் பதவி அப்படிப் பிறந்ததுதான். பரம்பரை பரம்பரையாகப் பார்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-ல் கே. ராஜேந்திரன் வழக்கில் ஒழிப்பு செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆனால் உரிய கல்வித் தகுதி உள்ளவர்களைப் புதிய பதவிக்குப் பரிசீலிப்பதாக அரசு நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒழிப்பை உடைக்கப் போனவர்களுக்கு அது உடையவில்லை. கையில் கிடைத்தது அந்த ஒப்புதல்தான். இத்தகைய வழக்குகளில் யதார்த்தமாக எட்டக்கூடிய இலக்கு எது என்பதை இதிலிருந்தே கணிக்கலாம்.

மக்கள் நலப் பணியாளர்கள் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1989-ல் தொடங்கி, 1991-ல் கலைத்து, 1997-ல் மீண்டும் எடுத்து, 2001-ல் கலைத்து, 2006-ல் மறுபடி எடுத்து, 2011 நவம்பர் 8 அன்று ஏறத்தாழ 13,500 பேரை அனுப்பிய கதை. உயர் நீதிமன்றம் 2014-ல் அவர்களை வேறு காலியிடங்களில் அமர்த்தச் சொன்னது; உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கடைசியில் 2023 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பழைய பதவியைத் திருப்பித் தரவில்லை. மாதம் 7,500 ரூபாயில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பணி தருவதாக 2022-ல் அரசு முன்வைத்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். பதினோரு ஆண்டுக்கு மேல் நடந்த வழக்கு. அவர்கள் இருந்தது மதிப்பூதியப் பணி. நீங்கள் தேர்வாணையம் வழி வந்து காலமுறை ஊதியத்தில் இருப்பவர். அந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிய பலம். ஆனாலும் 'அரசாணையையே ரத்து செய்' என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இது பாடம்.

ஆகவே கோரிக்கையை இரண்டு அடுக்காக எழுதச் சொல்லுங்கள். முதலாவது, அரசாணையை 'மனுதாரரைப் பொறுத்தவரை' ரத்து செய்ய வேண்டும். இரண்டாவது, அது இல்லையென்றால் இதே ஊதிய நிலையில், இதே வகைப் பணியில் உள்ள காலியிடத்தில், ஊதியப் பாதுகாப்போடும் பணிமூப்போடும் ஈர்த்துக்கொள்ள உத்தரவிட வேண்டும். இவற்றோடு பலரும் எழுத மறக்கும் ஒன்று உண்டு: விடுவித்த நாளிலிருந்து மீண்டும் சேரும் நாள் வரையுள்ள காலத்தைப் பணிக்காலமாகக் கருத வேண்டும் என்ற வரி. 2002 செப்டம்பரில் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ 10,000 பேர் பணியிழந்து, 2006 பிப்ரவரியில் திரும்ப எடுக்கப்பட்டார்கள். வேலை திரும்பி வந்த பிறகும் அந்த 41 மாதக் கணக்குக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

ஈர்த்துக்கொள்வது உங்களுக்கு ஏன் உயிர்நாடி என்றால், நீங்கள் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர். அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பணியிடம் ஒழிந்து வேறு வேலையும் தரப்படாவிட்டால், பழைய ஓய்வூதிய விதிகளில் ஈட்டு ஓய்வூதியம் என்று ஒன்று கிடைக்கும். அந்த விதிகளுக்குள் நீங்கள் வரமாட்டீர்கள். வெளியே போனால் கையில் வருவது பெரும்பாலும் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்த தொகைதான். மூத்த ஊழியர் யாராவது 'எனக்கு அந்தக் காலத்தில் பென்ஷன் கொடுத்தார்களே' என்று சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அரசாணையில் பழுது தேடுவது அடுத்த வேலை. முதலில் யார் வெளியிட்டது என்று பாருங்கள். பணியிடத்தை உருவாக்கியது அரசு என்றால் ஒழிக்க வேண்டியதும் அரசுதான். துறைத் தலைவரின் செயல்முறை ஆணை மட்டும் போதாது. நிதித்துறையின் இசைவு எண் அரசாணையின் அடியில் இருக்கிறதா? ஒழித்தது நிரந்தரப் பணியிடங்களையா, ஆண்டுதோறும் தொடர் நீட்டிப்பு வாங்கும் தற்காலிகப் பணியிடங்களையா? இது முக்கியம். சில அலுவலகங்களில் யாரும் எதையும் ஒழித்திருக்கவே மாட்டார்கள். நீட்டிப்பு ஆணை வராததால் கருவூலத்தில் சம்பளப் பட்டியல் நின்றுபோயிருக்கும். அதையே 'போஸ்ட் போய்விட்டது' என்பார்கள். அப்படியானால் வழக்கின் வடிவமே வேறு. இணைப்பில் பணியிடங்களின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறதா, ஆட்களின் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெயரைப் போட்டுப் பணியிடத்தை ஒழித்திருந்தால், குறிவைத்தது ஆளைத்தான் என்று வாதிட அது நல்ல பிடி.

காரணம் எழுதப்பட்ட பத்தியை வரி வரியாகப் படியுங்கள். ஓர் ஆணை அதில் எழுதியுள்ள காரணத்தால்தான் நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்து முட்டுக் கொடுக்க முடியாது என்பது 1977 டிசம்பரில் மொகிந்தர் சிங் கில் வழக்கில் வந்த தீர்ப்பு. உங்கள் ஆணை 'பணிப்பளு குறைந்தது' என்கிறது. அதே வேலைக்கு ஒப்பந்தப்புள்ளியும் கோரப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் இதில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம். வேலையை வெளிமுகமைக்குக் கொடுப்பதே தவறு என்று நீதிமன்றம் சொல்லாது; அது கொள்கை முடிவு என்று ஒதுங்கிவிடும். நீங்கள் காட்ட வேண்டியது, வேலை குறையவில்லை, அதே பிரிவில், அதே பதிவேடுகளில், அதே வேலை தொடர்கிறது என்பதை. அதற்கு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பின் பணி விவரப் பகுதி, உங்கள் பிரிவின் பணிப் பகிர்வு ஆணை, கடந்த மூன்று ஆண்டுகளின் தபால் வரவு-அனுப்புகைக் கணக்கு ஆகிய மூன்றும் போதும்.

மேலதிகாரி ஒருவரின் பகைதான் காரணம் என்று தோன்றினால்? ஆவணம் இல்லாமல் அதை மனுவில் எழுதாதீர்கள். தீய நோக்கத்தை நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டுபவர் மேல் மிகக் கனமாக விழும் என்று 1973-லேயே தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில் சொல்லப்பட்டது. தலைமைச் செயலாளராலேயே நிரூபிக்க முடியாத ஒன்று. எழுதுவதென்றால் அந்த அதிகாரியைப் பெயரோடு எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் எழுதினால் அந்தப் பத்தியையே நீதிமன்றம் கண்டுகொள்ளாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே மனுப் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். 'ஏன் ஒழித்தீர்கள்' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: அந்த அரசாணைக்குரிய கோப்பின் குறிப்புப் பக்கங்கள், பணிப்பளு ஆய்வறிக்கை, நிதித்துறைக்கு அனுப்பிய முன்மொழிவு, தட்டச்சர்களின் நடப்புப் பணிமூப்புப் பட்டியல், துறை முழுவதும் இன்றைய தேதியில் காலியாக உள்ள தட்டச்சர் இடங்கள், வெளிமுகமை ஒப்பந்தத்தின் மதிப்பு. அமைச்சரவைக் குறிப்பு என்று சொல்லி மறுக்கப் பார்த்தால், முடிவெடுத்துச் செயல்படுத்தி முடிந்த பிறகு அந்த விலக்கு பொருந்தாது என்று முதல் மேல்முறையீட்டில் எழுதுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. உங்களுக்கு இருப்பதோ ஐந்து வாரம். அதனால் பதில் வரட்டும் என்று வழக்கை நிறுத்திவைக்காதீர்கள். மனுப் போட்ட ரசீதை வழக்கோடு இணைத்து, கோப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு கேட்கலாம்.

கூடவே துறைச் செயலாளருக்கு ஒரு முறையீடு. அலுவலகத் தலைவர் வழியாக ஒன்று, முன் நகலாக நேரடியாக ஒன்று. பதிவு அஞ்சல் 2025 செப்டம்பரோடு விரைவு அஞ்சலில் இணைந்துவிட்டதால், விரைவு அஞ்சலில் ஒப்புகை கேட்டு அனுப்பி, சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: நியமன ஆணை எண், தகுதிகாண் பருவம் முடித்த ஆணை எண், பணிமூப்பில் உங்கள் வரிசை எண், உங்களுக்குக் கீழே உள்ளவர்கள், தெரிந்த காலியிடங்கள், கோரிக்கை.

முறையீட்டின் மேல் முறையீடு எழுதிக்கொண்டே இருந்தால் காலம் நிற்காது. 2008-ல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொன்னது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். வக்கீல் 'முறையீட்டைப் பரிசீலிக்க உத்தரவு வாங்கிவிடலாம், சுலபம்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பன்னிரண்டு வாரத்தில் பரிசீலிக்கச் சொல்லி வழக்கு முடியும். பதினோராவது வாரம் ஒரு பக்க நிராகரிப்பு வரும். அதற்குள் உங்களை விடுவித்திருப்பார்கள்.

விடுவித்த பிறகு தடை வாங்குவது மிகக் கடினம் என்பதால்தான் தேதிக்கு இத்தனை முக்கியத்துவம். மாநில அரசு ஊழியருக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லை. நேராக உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. திருச்சி மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வருகிறது. விடுவிப்புத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது மனு எண்ணிடப்பட்டிருக்க வேண்டும். பிழை சொல்லித் திருப்பினால் சரிசெய்ய நாள் வேண்டும் அல்லவா? இடைக்கால மனுவில் அரசாணை முழுவதற்கும் தடை கேட்டால் கிடைப்பது அரிது. 'மனுதாரரை விடுவிக்கக் கூடாது. அல்லது மாவட்டத்தில் காலியாக உள்ள ஒரு தட்டச்சர் இடத்தை நிரப்பாமல் வைத்திருக்க வேண்டும்' என்று குறுக்கிக் கேட்டால் நீதிபதிக்கும் கொடுக்க மனம் வரும். தனி நீதிபதி மறுத்தால் அமர்வின் முன் ரிட் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

சங்கத்தின் கூட்டு வழக்கில் சேர்வது பற்றி: கொள்கையை எதிர்க்கச் சங்கம் வழக்குப் போடட்டும், நன்கொடை கொடுங்கள். உங்கள் வழக்கு தனியாக இருக்கட்டும். பதினொரு பேருக்கும் பணிமூப்பு வேறு வேறு; உங்களுக்குச் சாதகமான வாதம் உங்களில் ஒருவருக்கே பாதகமாக இருக்கக்கூடும். ஒரே மனுவில் எல்லாரையும் கட்டினால் வக்கீல் இளையவர்-மூத்தவர் வாதத்தை மழுப்பித்தான் ஆக வேண்டும்.

விருப்பக் கடிதம் இப்போது கொடுக்காதீர்கள். வாய்வார்த்தைக்குக் கடிதம் கேட்பது, நாளைக்கு 'அவரே கீழ்ப்பதவியை விரும்பினார்' என்று கோப்பில் சேர்ப்பதற்குத்தான். எழுத்தில் ஆணை வரட்டும். வந்தால் நான்கைப் பாருங்கள்: ஊதிய நிலை அதேதானா, பணிமூப்பு எங்கிருந்து கணக்கு, மறுபடி தகுதிகாண் பருவமா, பதவி உயர்வுக்கான வழி எது. இவற்றில் பணிமூப்புதான் பெரும்பாலும் பறிபோவது. மத்திய அரசில் உபரியாகி வேறு துறைக்குப் போனவர்களுக்குப் பழைய பணிக்காலம் புதிய இடத்தில் பணிமூப்புக்குச் சேராது என்று 1998-ல் சாவித்திரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அங்கே 1990-ஆம் ஆண்டு விதிகள் அப்படி. உங்கள் ஆணையில் என்ன எழுதுகிறார்கள் என்பதே உங்களுக்குக் கணக்கு.

ஆனால் ஆணை வந்த பிறகு, பிடிக்கவில்லை என்று சேராமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அனுமதியின்றிப் பணிக்கு வராததாக ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், சம்பளமும் நிற்கும், நல்ல வழக்கு ஒழுங்கு நடவடிக்கை வழக்காக மாறிவிடும். சேரும் அறிக்கையிலேயே 'நிலுவையிலுள்ள வழக்குக்கும் என் உரிமைகளுக்கும் பாதகமின்றிச் சேருகிறேன்' என்று ஒரு வரி எழுதிச் சேருங்கள்.

தொகுப்பூதியத்தில் உள்ள மூவருக்கு: அவர்கள் பணியிடத்தின் மேல் உரிமை கோர முடியாது, முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கோர முடியாது என்ற 2006-ன் உமாதேவி தீர்ப்பு குறுக்கே நிற்கும். எனினும் நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் பல ஆண்டு வைத்திருந்துவிட்டு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிப்பதை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. எத்தனை ஆண்டு, எந்த வேலை, இடைவெளி விட்டார்களா என்பதைப் பொறுத்து வாதம் உண்டு. தொழிலாளர் சட்ட வழியும் இருக்கிறது: ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும். தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த இந்த அளவு, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. உங்கள் துறை அந்தச் சட்டத்தின் பொருளில் 'தொழில்' ஆகுமா என்பதே முதல் சண்டையாக இருக்கும் என்பதால், உங்கள் மனுவில் அவர்களைச் சேர்க்காமல் தனியாக ஆலோசனை பெறச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வரி: நீங்கள் முதலில் போக வேண்டியது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு, பொதுவாக ஓராண்டுக்குள் போக வேண்டும்.

வக்கீலைப் பார்க்கப் போகுமுன் பணிப்பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து, அலுவலகத் தலைவரிடம் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். விடுவித்த பிறகு பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். விடுவிப்பு ஆணையை நீட்டினால் வாங்க மறுக்க வேண்டாம். தேதியும் நேரமும் போட்டு, 'ஆட்சேபத்தோடு பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அன்றே வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள்.